தண்ணீர்க் குடத்தில் ஒரு தழும்பு

டமார்! சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த கிண்ணம் ஒன்று சித்திரக்காரன் சிக்கானோஸின் காலடியில் விழுந்து சிதறியது. எறிந்தவர் பட்டறை முதலாளி மெனிப்போஸ்.

அவருடைய மற்றொரு கையில் புதுத் தண்ணீர்க் குடம் இருந்தது. அதில் ஊற்றடியில் நீர் பிடிக்கும் மூன்று பெண்கள். நம்மை நேராகப் பார்த்து நிற்கும் மூன்றாமவளின் மேல்கையில் பிறை வடிவத்தில் ஒரு தீத்தழும்பு. ஏதென்ஸ் நகரில் அந்தத் தழும்பு மெனிப்போஸின் மனைவி திமாண்ட்ராவுக்கு மட்டும்தான் உண்டு. போர்வை இல்லாமல் அவளை வேறு ஆண் எவனும் பார்த்ததில்லை.

"எப்படா பார்த்த?"

"ஐயா, அம்மா முகத்தையே நான் சரியா பார்த்ததில்ல. தழும்பு நான் போட்டதில்ல!"

"பின்ன, சூளை நெருப்பு வந்து வரைஞ்சுதோ?"

சூளையில் வேகும்வரை, சித்திரம் வரையும் மைக்கும் குடத்தின் களிமண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். அதனால்தான் தன் கையாலேயே குடத்தைச் சூளையில் அடுக்கியபோதும் மெனிப்போஸின் கண்ணில் அது படவில்லை.

சத்தம் கேட்டுத் திமாண்ட்ரா வந்து நின்றாள். "இன்னிக்கே இவன் வேலைய விட்டுப் போறான். நீ உங்கப்பன் வீட்டுக்குப் போற!" என்று மெனிப்போஸ் கத்தினார்.

சிக்கானோஸ் குடத்தை உற்றுப் பார்த்தான். "ஐயா, இங்க தழும்பு வலது கையில இருக்கு. அம்மாவுக்கு எந்தக் கையில?"

மெனிப்போஸ் குடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு இடது கையில்.

திமாண்ட்ரா முன்னால் வந்தாள். "அந்த ஆளத் திட்டாதீங்க. அவர் வீட்டுக்குப் போனதும், வெண்கலக் கண்ணாடிய வச்சுப் பார்த்து அந்தத் தழும்ப நான்தான் வரைஞ்சேன்."