இரவல் சோபாவில் மூட்டைப்பூச்சி

மெர்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வருவது பென்னி. மாதா கோயில் தேரன்று, அணைந்துபோன மெழுகுவர்த்தியை அவளுடையதில் பற்ற வைத்துக்கொண்டு, பற்றிய பிறகும் நகராமல் நின்றானே, அதே பென்னி! வள்ளூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் வெல்டர். அவனே தன் அம்மாவிடம் பேசி அழைத்து வருகிறான். இந்த இடம் தட்டிப்போனால் வேறு இடமே வேண்டாம் என்று மெர்சி மனதுக்குள் சத்தியமே செய்திருந்தாள்.

தட்டிப்போகக் காரணமா இல்லை? போன தடவை வந்தவர்கள், உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லாத வீடு என்று கும்மிடிப்பூண்டி முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ரோஷத்தில்தான் அப்பா பாக்கியநாதன் பக்கத்து வீட்டு வீரராகவனிடம் சோபாவை இரவல் கேட்டார். சிப்காட் பக்கம் மூடிய லாட்ஜ் ஒன்றிலிருந்து வீரராகவன் சல்லிசாகத் தூக்கிவந்து, யாரையும் உட்காரவிடாமல் மூடியே வைத்திருந்த மெரூன் சோபா. அதன்மேல் அம்மா முத்தம்மா பூப்போட்ட துண்டை விரித்ததும் வீடே பணக்கார வீடாகிவிட்டது.

வந்தார்கள். பென்னியின் அம்மா ஆரோக்கியமேரி, பட்டுப்புடவையும் பெரிய கைப்பையுமாக நேரே போய் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

"சோபா நல்லாகீது. புச்சா?"

"போன மாசந்தான் எடுத்தோம்," என்று அப்பா கூசாமல் அடித்துவிட்டார்.

மெர்சி காபித் தட்டோடு குனிந்தபோதுதான் பார்த்தாள். ஆரோக்கியமேரியின் முழங்கைக்குப் பக்கத்தில், சோபாத் தையலிலிருந்து ஒரு மூட்டைப்பூச்சி சாவகாசமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூட்டைப்பூச்சி பகலில் வெளியே வராது என்பார்கள். இவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்த லாட்ஜ் பூச்சிகள், பகலாவது இரவாவது! 

ஆரோக்கியமேரி இந்தப் பக்கம் நெளிந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார். அப்பாவோ ரோலிங் மில்லில் சூப்பர்வைசரைத் தான் திருப்பிக் கேட்ட கதையை விடுவதாக இல்லை. பென்னி ஜன்னலோரப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மெர்சியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆரோக்கியமேரி முதுகை சோபாவில் பரபரவென்று தேய்த்தார். மெர்சிக்கு அழுகை முட்டியது, பாழாய்ப்போன சிரிப்பும் கூடவே முட்டியது.

திடீரென்று அந்தம்மா எழுந்தார். "பொண்ணாண்ட தனியா ரெண்டு வார்த்த பேசணும்."

போச்சு! எல்லாம் போச்சு!

சமையலறைக் கதவைச் சாத்தியதும் அவர் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, யாராண்டயும் சொல்லிடாத. எங்க ஊட்ல மூட்டப்பூச்சி. மருந்தடிச்சும் போவல. இந்தப் பைல தொத்திக்கினு வந்துட்ச்சி போலகீது. உங்க புது சோபால ஏறிட்ச்சிம்மா. இதுக்கோசரம் என் புள்ளய வேணான்னு சொல்லிடாத."

மெர்சி பேசாமல் தலையாட்டினால் போதும். கல்யாணம் முடிந்த மாதிரிதான். காலத்துக்கும் மாமியாருக்கு அவள் முன்னால் குரல் எழும்பாது. எத்தனை பெண்களுக்கு இப்படி வாய்க்கும்? ஆனால் அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மெர்சிக்குத் தாங்கவில்லை.

"ஐயோ ஆன்ட்டி, அது உங்க பூச்சி இல்ல! சோபாவே எங்களுது இல்ல. பக்கத்து ஊட்லேர்ந்து தூக்கிக்கினு வந்தோம். பழைய லாட்ஜ் சோபா. எங்க ஊட்ல குந்தறதுக்குப் பாய்தான் கீது. அப்பா பொய் சொல்ட்டாரு."

சொல்லிவிட்டாள். 

ஆரோக்கியமேரி அவளையே பார்த்தார். பிறகு சட்டென்று முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"அப்டினா மொதல்ல இங்க நல்லா சொறி. அப்பலேர்ந்து உயிர் போவுது."

மெர்சி சொறிந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. வெளியே அப்பாவின் கதை பாதியில் நின்றது.

"நெஜமாவே உங்க ஊட்லயும் பூச்சி கீதா ஆன்ட்டி?"

"நல்லா கேட்ட போ! பூச்சி ஏறுன தேக்குக் கட்டில ஒருத்தியா வெயிலுக்கு இழுத்துப் போட முடியலடி," என்றார் ஆரோக்கியமேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தையிலயே வந்துடு."