சிவப்பு ஏப்ரன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. கைக்குழந்தைகளுக்கு மருந்து கலக்கிறவளுக்குக் கோபம் வேறு எங்கே இருக்க வேண்டுமாம்?

என் அறை கீழ்த்தளத்தில். பெரியவர்களுக்கான வீரிய மருந்தை எடுத்து, நீர் சேர்த்து, பச்சைக் குழந்தைக்குத் தகுந்த அளவாக்கி மேலே அனுப்ப வேண்டும். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. ஆனால் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் கதவுதான் கண்ணில் படும். பேனா இருக்கா, லிஃப்ட் ஓடுதா, கேன்டீன் திறந்தாச்சா? எனக்கென்ன தெரியும்?

அதனால்தான் சிவப்பு ஏப்ரனைக் கொண்டு வந்தேன். அதைக் கட்டியவரிடம் யாரும் பேசக் கூடாது, கட்டியவரும் வாயைத் திறக்கக் கூடாது. போன் வயரைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். மேலே மருந்து கொடுக்கும் நர்சுகளுக்கும் இதே சட்டம். முதலில் சிரித்தார்கள், எனக்குச் ‘சிவப்புக்கொடி’ என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் வார்டு குமாஸ்தா “மேடம், ஒரே நிமிஷம்” என்று தலையை நீட்டினான். கையில் இருந்த வேலையை முடித்து, ஏப்ரனைக் கழற்றிவிட்டு, மாடி ஏறிப் போய் அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அப்புறம் ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. என் மகள்கூட வீட்டில் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் படிக்கிறாள். பாத்திரம் கழுவச் சொன்னால் துண்டைத் தொட்டுக் காட்டுகிறாள்.

வார்டு சிஸ்டருக்கு மட்டும் இந்தச் சட்டம் சரிப்பட்டு வராது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு ‘வானொலி’ என்று பேர் வைத்ததே நான்தான். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அவள் கணவரே சொல்லியிருக்கிறார். ஏப்ரன் கட்டினால் மட்டும் அந்த வாய் அடங்குமா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

அன்றைக்கு எட்டாம் கட்டில் குழந்தைக்கு இதய மருந்து. ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கலக்க ஆரம்பித்திருந்தேன், கதவு திறந்தது. பெரிய டாக்டர். அவருக்குப் பின்னால் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்த விருந்தாளிகள், அறை கொள்ளாத கூட்டம்.

“நான் சொன்னேன்ல, இதான் அந்த ரூம்,” என்றார் டாக்டர் பெருமையாக. “அந்தச் சிவப்பு ஏப்ரனக் கட்டிட்டாங்கன்னா இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டாங்க. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்களேன்!”

ஒருவர் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொருவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, “மேடம், இந்த ஏற்பாட்டால உங்க கவனம் சிதறாம இருக்கா?” என்று கேட்டார்.

எனக்கு வாயில் வந்ததை எழுத முடியாது.

“பரவால்லம்மா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க,” என்றார் பெரிய டாக்டர். அவரே சொல்லும்போது என்ன செய்வது? சொன்னேன். போட்டோ எடுத்தார்கள். நடுநடுவே கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. இந்தச் சந்தடியில் வார்டு ஆயாம்மா வந்து, கலந்த மருந்தை நான் எப்போதும் வைக்கும் ஜன்னலோரத்திலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு தட்டைப் பார்த்தேன். இரண்டு காலிக் குப்பிகள் கிடந்தன.

முந்தைய குழந்தைக்கு உடைத்த குப்பியை எடுத்துப் போட மறந்துவிட்டேனா, இல்லை, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டே இரண்டாவது குப்பியையும் உடைத்து ஊற்றிவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இரண்டையும் ஊற்றியிருந்தால் அந்தக் குழந்தை பிழைக்காது.

போன் வயரைச் செருகி வார்டுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? மருந்து நேரத்தில் அங்கேயும் வயர் பிடுங்கப்பட்டிருக்கும், எல்லாம் என் சட்டம்தான். படியேறி ஓடினேன்.

வார்டு வாசலில் குமாஸ்தா உட்கார்ந்திருந்தான்.

“எட்டாம் கட்டில் குழந்தைக்கு மருந்து குடுத்தாச்சா?”

அவன் உதட்டின் மேல் விரலை வைத்து, என் ஏப்ரனைக் காட்டினான்.

“ஐயோ, நானேதான கேக்கறேன்! சொல்லித் தொலையேன்யா!”

அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, பேச மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். நான் விட்ட டோஸ் அப்படி. முதுகுப்பக்க முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிக்கொண்டது. நாடாவைப் பிய்த்து ஏப்ரனை அவன் மேஜைமேல் எறிந்தேன்.

“தெரியல மேடம்,” என்றான் உடனே. “சிஸ்டர் உள்ளதான் இருக்காங்க. அவங்களும் ஏப்ரன் போட்டிருக்காங்க, எப்படிக் கேக்கறது?”

உள்ளே எட்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வானொலி சிவப்பு ஏப்ரனோடு நின்றிருந்தாள். குழந்தையின் அப்பா அவள் எதிரே கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தார்.

“மருந்து நேரம் தாண்டிப் போச்சு சிஸ்டர். குடுத்துடுங்களேன். ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?”

அவள் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் மூடியிருந்த கையை விரித்தாள். பாட்டில் நிறைய மருந்து அப்படியே இருந்தது. மூடியை விரலால் தொட்டுக் காட்டினாள். அளவைச் சரிபார்த்த பிறகு நான் கடைசியாக ஒட்டும் வெள்ளை ஒட்டு அதில் இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, அத்தனை பேர் எதிரிலும் ஓவென்று அழுதேன். வெட்கமாகவே இல்லை.

வானொலி ஏப்ரனைக் கழற்றினாள். “ஒட்டு இல்லாம நீங்க ஒருநாளும் அனுப்பினதில்லக்கா. அதான் கையிலயே வச்சிட்டிருந்தேன். போன் வயர மாட்டிக் கீழ அடிச்சேன், உங்க போன் செத்துக் கிடக்கு, மறுபடி பிடுங்கிட்டேன். கையக் காட்டி ஆயாம்மாவ அனுப்பினேன், நீங்க ஏப்ரன் போட்டிருக்கீங்கன்னு பயந்து திரும்பி வந்துடுச்சு.”

“அவர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“பேச ஆரம்பிச்சா நான் நிறுத்துவேனா? அவர் கெஞ்சற கெஞ்சுக்கு, பேச்சுவாக்குல குடுத்துத் தொலைச்சிருப்பேன்.”

அந்த அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். “இந்த மருந்து சரியா இருக்கான்னு எனக்கே சந்தேகம். புதுசா கலந்து கொண்டு வரேன். கொஞ்சம் லேட்டானா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.” அவர் பாட்டிலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு வானொலியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாட்டிலைக் கொட்டிக் கழுவினேன். அதில் ஒரு குப்பி இருந்ததா, இரண்டு இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. பிய்ந்த நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு புதிதாகக் கலக்கும்போது மறுபடி கதவு திறந்தது.

“அம்மா, விருந்தாளி ஒருத்தர் குடைய இங்க விட்டுட்டு…” பெரிய டாக்டரின் குரல்.

நான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி வாசலைக் காட்டினேன். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஒட்டை ஒட்டி, மருந்தை நானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் அங்கேயே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “இனிமே யாரையும் கூட்டிட்டு வர மாட்டேம்மா,” என்றார். குடையைக் கேட்காமலே போய்விட்டார்.

குழந்தை மருந்தைக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, பிறகு அப்பாவின் தோளில் தூங்கிப்போனது. அதன் மூச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீராக வந்தது. மனசு பஞ்சாகிவிட்டது.

வானொலி ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இப்ப பேசலாமா?”

“பேசுடி. எவ்வளவு வேணும்னாலும் பேசு.”

அவள் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேரானதில் தொடங்கி மாமியாரின் முழங்கால் வலிக்கு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.