வெள்ளிக்கிழமை வாசிப்பு

கம்ப்யூட்டர் வந்த அன்று ஹாலில் இருந்தவர்கள்: ஜாபர், சேலையூர் காம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ஹஃபீசா, கையில் டீத்தட்டு. மகள் ஷாயிஸ்தா, பதினாறு வயது, பிளஸ் ஒன். ஜமீர், இருபத்தெட்டு வயது, கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி பிரவுசிங் சென்டர் நடத்துபவன், தரையில் சம்மணம் போட்டு ஒயர் சொருகிக்கொண்டிருந்தவன். நாலே பேர். அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் ஜாபர் நம்பவில்லை. அவர் பெற்ற பெண்ணை.

அது 2006 ஜூன். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்துவிட்டு அவள் கம்ப்யூட்டர் கேட்டாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, பயம்தான் இருந்தது. பேப்பரில் வாரத்துக்கு ஒரு செய்தி வரும். சாட்டிங்கில் பழகியவனை நம்பி வீட்டை விட்டுப் போன பெண். படம் எடுத்து மிரட்டப்பட்ட பெண். அவற்றை ஜாபர் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படிப்பார். படித்த பக்கத்தைக் கிழித்து யாருக்காவது ஆணி மடித்துக் கொடுத்துவிடுவார். அது வீட்டுக்குப் போகக் கூடாது.

திரை வாசலைப் பார்த்து இருக்கவேண்டும் என்றார். இரவு எட்டுக்கு மேல் கிடையாது என்றார். அதோடு நிற்கவில்லை. ஸ்குரூ டிரைவர் எடுத்துப் போய் ஷாயிஸ்தாவின் அறைக் கதவில் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்.

"வயசுப் பொண்ணுங்க. துணி மாத்த வேணாமா?" என்றாள் ஹஃபீசா.

"பாத்ரூம்ல மாத்தட்டும். பூட்டிக்கிட்டுப் படிக்கிற படிப்புன்னு எதுவும் கிடையாது."

கதவில் நாலு ஓட்டை மிச்சமிருந்தது. ஷாயிஸ்தா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

கேட் வரை வழியனுப்பப் போனபோது ஜமீர் குரலைத் தாழ்த்தினான். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் தங்கச்சிங்க கீறாங்க. ஒரு சாஃப்ட்வேர் போட்டு வச்சிருக்கேன். பாப்பா இன்னா அடிச்சாலும் ஒரு எழுத்து விடாம பதிஞ்சிடும். அவளுக்குத் தெரியாது."

"பதிஞ்சு?"

"எனக்கு மெயில்ல வந்துடும். நீங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாங்க, படிச்சுக் காட்றேன்."

ஜாபர் எட்டாவதோடு நின்றவர். தமிழ்ப் பேப்பரை மூலை விடாமல் படிப்பார். இங்கிலீஷில் அட்டைப்பெட்டி மேல் போட்ட கம்பெனிப் பெயரும் இஞ்ச் அளவும் தெரியும், அவ்வளவுதான். பெண்ணோ தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறவள். எவனோ ஒருவன் படித்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜமீர் எவனோ அல்ல. தொழுகையில் இரண்டு வருஷமாகத் தோளோடு தோள் நிற்கிறவன். ஜாபர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் தம்பி மாதிரி" என்றார்.

வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு ஜமீரின் கடைசி கேபினில் பிளைவுட் கதவைச் சாத்திக்கொண்டு ஜாபர் ஸ்டூலில் உட்காருவார். தொப்பியைக் கழற்றியிருக்க மாட்டார். ஜமீர் தாளைப் பிடித்துக்கொண்டு படிப்பான். கெமிஸ்ட்ரி சந்தேகம். ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை. கேன்டீன் சமோசாவில் முடி கிடந்த கதை. தன் பெண்ணின் பேச்சு ஒரு வாலிபனின் குரலில் வருவது முதல் வாரம் ஜாபருக்கு ஒரு மாதிரி இருந்தது. மூன்றாம் வாரம் பழகிவிட்டது.

அவள் எழுதுவதெல்லாம் ஒரே ஆளுக்குத்தான். துர்கா என்று பெயர்.

"யாரு பாய் இந்த துர்கா?"

"கூடப் படிக்கிற பொண்ணுன்னு சொல்றா."

"நீங்க பாத்துகீறீங்களா?" ஜமீர் தாளை மடித்தான். "நெட்ல பேரு எதுனா வச்சுக்கலாம் பாய். நானே நாளைக்கு ரத்தினபாய்னு பொம்பளை பேரு வச்சுக்குவேன். எவன் கேக்கப்போறான்?"

அன்று இரவே ஜாபர் மகளைக் கூப்பிட்டார். துர்காவோடு கம்ப்யூட்டரில் பேச்சே கூடாது. காரணம் சொல்லவில்லை. ஷாயிஸ்தா, "அவ என் பெஞ்ச்ல உக்கார்றவ அத்தா" என்றாள். "சொன்னதைக் கேளு" என்றார். கேட்டாள்.

செப்டம்பரில் அவள் மாறிப்போனாள். டெலிபோன் மணி அடித்தால் தோள் குலுங்கும். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். ஒருநாள் ஜாபர் வீட்டுக்கு வந்தபோது மானிட்டர் மேல் அவளுடைய துப்பட்டா போர்த்தியிருந்தது. பிளக்கும் பிடுங்கியிருந்தது.

"தூசிக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தா."

ஹஃபீசா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "அவ ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டேங்கறா. என்னன்னு கேளுங்களேன். நான் கேட்டா அழறா."

ஜாபர் அவளைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தார். கேபினில் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, "ஏதாவது இருக்கா தம்பி? ஒளிக்காம சொல்லு" என்றார்.

ஜமீர் மூன்று தாளையும் நிதானமாகப் புரட்டினான். "ஒண்ணும் இல்ல பாய். இந்த வாரம் சுத்தம். பரீட்சை பயம்தான்."

ஜாபர் பெருமூச்சு விட்டார். மனசு லேசாகி, கேட்காததையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஹஃபீசா மேடவாக்கம் போகிறாள், தங்கை ஷபீனாவின் குழந்தைக்கு நாற்பதாம் நாள், திரும்ப ராத்திரி ஆகும், அன்றைக்கு மதியம் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே பிரியாணிதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஜமீர் கடைக்கு வந்தான். "பாய், உங்க சிஸ்டத்துல வைரஸ் பூந்துகினு கீது. இன்னிக்கு ஒரு மணிநேரம் உக்காந்தா கிளீன் பண்ணிடலாம். வூட்ல ஆள் இருக்காதே?"

மகள் பள்ளிக்கூடத்தில். மனைவி மேடவாக்கத்தில். காலி வீட்டில் ஒரு ஆம்பளை உட்கார்ந்து வேலை பார்ப்பதில் தப்பில்லை. ஜாபர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். "ஃபேனைப் போட்டுக்கோ தம்பி" என்றும் சொன்னார்.

ஒன்றே முக்காலுக்குக் கடை வாசலில் சைக்கிள் ஒன்று சரிந்து விழுந்தது. யூனிஃபார்ம் போட்ட ஒல்லிப் பெண். மிதித்துவந்த வேகத்தில் மூச்சு இரைத்தது. பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டியபோது வாட்ச்மேன் விசில் அடித்ததைக்கூட அவள் நின்று கேட்டிருக்க மாட்டாள் போலிருந்தது.

"ஷாயிஸ்தா அத்தா நீங்கதானே?"

"நீ யாரும்மா?"

"நான்தான் துர்கா."

ஜாபர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ரிப்பன் கட்டின இரட்டைப் பின்னல். பெண்தான். சந்தேகமே இல்லை.

"மார்க்கெட்ல மீன் விக்கிற ரேணுகாம்பாள் பொண்ணு அங்கிள். நீங்ககூட எங்கம்மாகிட்ட வஞ்சிரம் வாங்குவீங்க. அத வுடுங்க. ஷாயிஸ்தா வயித்து வலின்னு பர்மிஷன் வாங்கிக்கினு பன்னண்டரைக்கே வூட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு ஒண்ணும் வலி இல்ல."

"அப்புறம் ஏன் போனா?"

"ஒருத்தன் அவளுக்கு மெயில் போடறான் அங்கிள். அவ எனக்கு எழுதினது எல்லாம் அவனுக்குத் தெரியுது. அழிச்சதுகூடத் தெரியுது. கம்ப்யூட்டருக்குள்ள எவனோ உக்காந்துகினு கீறான்னு பயப்படறா. உங்ககிட்ட மட்டும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா. சொல்லிட்டேன். இனிமே அவ என்கூடப் பேசமாட்டா. பரவால்ல."

நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினாள். ஷாயிஸ்தாவின் கையெழுத்து. இங்கிலீஷ் எழுத்து. மெயிலில் வந்ததை அவள் அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். ஜாபர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, மறுபடி அவளிடமே கொடுத்தார்.

"படிம்மா."

துர்கா படித்தாள். கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சாலையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

"ஸ்பெஷல் கிளாஸுன்னு பொய் சொல்லிட்டு வண்டலூர் ஜூவுக்குப் போனியே, கூட ரெண்டு பசங்க வந்தாங்களே, அது உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா கைகால உடைப்பார்னு நீயே எழுதியிருக்கே. எல்லாம் என்கிட்ட இருக்கு. செவ்வாய்க்கிழமை உங்கம்மா மேடவாக்கம் போறாங்க. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடு. நான் சொல்றபடி செஞ்சா அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிடுவேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை உங்க அத்தா கையில இருக்கும்."

வெள்ளிக்கிழமை. ஜாபரின் கை தானாக இடுப்பைத் தடவியது. சாவி இருந்த இடம் காலி.

எழுந்தார். கல்லாவைப் பூட்டவில்லை. ஷட்டரை இறக்கவில்லை. துர்காவிடமிருந்து தாளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, "இங்கேயே உக்காரு" என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்தார். காம்ப் ரோட்டில் பஸ்ஸும் தண்ணி லாரியும் ஒன்றையொன்று விடாமல் நின்றன. வண்டியை நடைபாதை மேல் ஏற்றினார். யாரோ, "யோவ் பாய், சாவுகிராக்கி!" என்று கத்தினான். மெயிலில் ஒரு மணி என்று எழுதியிருந்தான். இப்போது ஒன்று ஐம்பத்தைந்து. அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்தார். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வாசலில் ஜமீரின் பைக். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வைரஸ் எடுப்பவன் எதற்குத் தாழ் போடவேண்டும்? இரண்டு கையாலும் தட்டினார். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. அப்புறம் ஜமீர் திறந்தான். சட்டை கசங்கவில்லை. முகத்தில் வியர்வை.

"வாங்க பாய். செம வைரஸ். இன்னும் முடியல."

சோபா மேல் பள்ளிக்கூடப் பை. அதன் கீழே ஷாயிஸ்தாவின் ஷூ ஒன்று. ஒன்றுதான்.

"பொண்ணு எங்க?"

"பாப்பாவா? ஸ்கூல்ல இல்ல? நான் பாக்கலையே."

பாத்ரூமில் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பித் தரையில் வழியும் சத்தம். அந்தக் கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்குள் அவள் தாழ் போட்டுக்கொள்ள மிச்சம் வைத்திருந்த ஒரே கதவு. கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயிண்ட் புதிதாகப் பெயர்ந்திருந்தது.

ஜாபர் கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

ஜமீர் வாங்கினான். கண் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

"நாளைக்கு ஃபிசிக்ஸ் டெஸ்ட். அஞ்சாவது சாப்டர் மட்டும் படிச்சா போதும்னு மிஸ் சொன்னாங்க." தாளை மடித்தான். "பாடம்தான் பாய்."

இத்தனை வாரமும் அப்படித்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேட்ட ஒவ்வொரு வரியும் இவன் வாயில் அப்போதைக்கு அப்போது பிறந்தது. உண்மையில் ஷாயிஸ்தா எழுதியது என்ன என்று அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அவனுக்கு எல்லாம் தெரியும்.

"சாவியைக் கொடு."

ஜமீர் அவர் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். பாப்பா, தங்கச்சி எல்லாம் குரலிலிருந்து போய்விட்டது. "பாய், சும்மா பேஜார் பண்ணாதீங்க. சத்தம் போட்டீங்கன்னா உங்க பொண்ணு பேருதான் நாறும். அவ எழுதினது மொத்தமும் என்கிட்ட கீது. நாலு எடத்துல. பள்ளிவாசல்ல ஒட்டட்டுமா?"

ஜாபர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். பத்து வயது குறைந்திருந்தால் அடித்திருப்பார். ஜமீர் அவர் கையை உதறிவிட்டு, சாவியை டீப்பாயில் போட்டுவிட்டு, செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனான். பைக் தெருமுனை திரும்பும்வரை ஜாபர் நகரவில்லை.

அப்புறம் பாத்ரூம் கதவருகே போனார். "ஷாயிஸ்தா. அத்தா வந்திருக்கேம்மா."

தண்ணீர் நின்றது.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டான்."

"சாவி வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"காலையிலேர்ந்து அவன்கிட்டதானே இருந்திருக்கும்?"

ஜாபர் சாவியைப் பார்த்தார். இருபது வருஷம் பூட்டு விற்றவர். டூப்ளிகேட் போடப் பத்து நிமிஷம் போதும். போய் வாசல் கதவின் மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் போட்டுவிட்டு வந்தார்.

அவள் வெளியே வந்தாள். யூனிஃபார்ம் முழுக்க ஈரம். ஒரு காலில் ஷூ. கையில் தரை தேய்க்கும் பிரஷ். "என்கிட்ட இருக்கற சாவியில உள்ள வந்து ஷூ கழட்டிக்கிட்டிருந்தேன், பூட்டு திறக்கற சத்தம் கேட்டுச்சு. அம்மான்னு நெனச்சேன்" என்றாள். "தொடலை. கதவைத்தான் தட்டிக்கிட்டே இருந்தான். பேசிக்கிட்டே இருந்தான்." பல் கிட்டியது. "அவனுக்கு எப்படித்தா எல்லாம் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. வைரஸ் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் பதியச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால அவனை விட்டுப் படிச்சுக் காட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பிரஷைத் தரையில் வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி.

"ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றார் ஜாபர். "உன் பேரு வெளிய வரும். நாலு பேர் பேசுவாங்க. நீ சரின்னா போவேன். வேணாம்னா போகமாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன். முதல்ல என் கதவுக்குத் தாழ்ப்பாளை மாட்டுங்க."

தாழ்ப்பாள் ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. மண்டி போட்டு உட்கார்ந்து பழைய ஓட்டையில் பொருத்தினார். மரம் தேய்ந்து ஸ்குரூ பிடிக்கவில்லை. தீக்குச்சியை ஒடித்து ஓட்டையில் சொருகி மறுபடி முறுக்கினார். இரண்டு தடவை ஸ்குரூ கை நழுவி விழுந்தது. இரண்டு தடவையும் அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். வெளியே ஏதோ பைக் சத்தம் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நிற்காமல் போனது.

நாலாவது ஸ்குரூ இறுகியதும் ஷாயிஸ்தா தாழை இழுத்து இரண்டு முறை சோதித்துப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். ஜாபர் தள்ளினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ் போட்டுக்கொண்டாள்.