ஃபெர்னானின் குளிர்காலக் கோட்டுகள்

ஃபெர்னான் வரைந்த கோட்டுகள் தைக்கப்படுவதற்கு முன் காகிதத்திலேயே கதகதப்பாக இருந்தன. பாரிஸில் எங்கள் தெருவில் இருந்த அந்த உடை நிறுவனத்தில் இது எல்லோருக்கும் தெரியும்; வெளியே சொல்லிக்கொண்டு திரியவில்லை, அவ்வளவுதான். குளிர்காலக் கோட்டுகளை அந்தத் தொழிலில் ஜூன் மாத வெயிலில்தான் வரைவார்கள். அவர் படங்களைத் துணித் துண்டோடு சுவரில் குத்திவைத்ததும் மேல்மாடித் தையலறைப் பெண்களுக்கு வேர்த்துக் கொட்டும். ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் திட்டிக்கொண்டே தைப்பார்கள். ஜனவரியில் கரி கிடைக்காதபோது அதே படங்களைச் சால்வைக்குள் செருகிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். தைத்து முடித்த கோட்டோ வெறும் துணிதான். பணக்காரச் சீமாட்டிகள் அதைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் போல நடுங்கினார்கள். தையலறைக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ஐம்பத்திரண்டாம் வருடக் கோடையில், ஊரே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திரிந்தபோது, ஃபெர்னான் பேசினால் வாயிலிருந்து குளிர்காலத்துப் புகை வந்தது. படம் வாங்க வந்த தையலறைத் தலைவி ழெர்மென் அவர் கையைத் தொட்டுவிட்டுத் திடுக்கிட்டாள்.

"முசியே, இது கையா, மீன் கடை ஐஸா? வரையறத நிறுத்துங்க."

"இன்னும் எட்டுக் கோட்டு பாக்கி மதாம் ழெர்மென். நிறுத்துனா ஷோ இல்ல. ஷோ இல்லேன்னா மாடில யாருக்கும் வேலை இல்ல."

"செத்துப்போயி எங்களக் காப்பாத்தப் போறீங்களாக்கும். பெரிய தியாகி!"

"தெரிஞ்சுதான் வரையறேன். வேற மாதிரி வரைய எனக்கு வரல" என்றார். அவர் மீசையில் பனி படிந்திருந்தது. எட்டாவது கோட்டுவரை அவர் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தைக்க வரும் கல்யாண கவுனின் ஓரமடிப்புக்குள் தன் முடி ஒன்றை வைத்துத் தைத்தால் சீக்கிரம் மாப்பிள்ளை அமைவான் என்பது தையல் பெண்களின் நம்பிக்கை. ழெர்மென் மீந்த கம்பளித் துண்டுகளைச் சேர்த்து அவருக்கு ஒரு கோட்டு வெட்டினாள். அது கைமாறிக் கைமாறித் தைக்கப்பட்டபோது, பழக்கதோஷமோ என்னவோ, ஒவ்வொருத்தியும் அதன் மடிப்பில் ஒரு முடியை வைத்தாள்.

"அடியே, இது கல்யாண கவுன் இல்லடி! எத்தன பேரத்தான் அவரு கட்டிக்கிறது?" என்றாள் கடைசி மேஜை இவெத், தன் முடியைப் பிடுங்கிக்கொண்டே.

"முதல்ல மனுசன் உசுரோட இருக்கட்டும். அப்புறம் பங்கு பிரிச்சுக்கலாம்" என்றாள் ழெர்மென். நரைத்ததாகப் பார்த்து ஒன்றை அவளும் வைத்தாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபெர்னான் பென்சிலை எடுத்தார். வெளுத்திருந்த அவர் உதட்டில் சிவப்பு திரும்பியது. அதே நேரம் மாடியில் எல்லோருடைய பிடரியிலும் ஒரு குளிர் ஏறியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊசியை எடுத்தார்கள். எட்டுக் கோட்டும் முடிந்தன. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கோட்டைக் கழற்றிவிடுவார்.

வருடங்கள் ஓடின. கல்யாணமாகி லியோனுக்குப் போய்விட்ட இவெத், ஒரு ஜூன் மதியம் அடுப்பருகே நின்றபடி சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"இந்த வெயில்ல என்னடி இது?" என்றான் புருஷன்.

"ஃபெர்னான் வரைய உக்காந்துட்டாரு."

அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சூப்புக்கு உப்பு போட்டாயிற்றா என்று கேட்டான்.