கை தூக்கச் சொன்ன கூட்டம்

மண்ணூர்க் கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம் என்றால் மற்றவர்களுக்கு டீ, சமோசா, அரட்டை. தங்கமாரிக்கு மட்டும் காலையிலிருந்தே பரீட்சைக்குப் போவது போல இருந்தது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தொழிலாளர் சங்கம் சின்னதுதான். ஆனாலும் அதற்கென்று விதிகள் உண்டு. முதல் விதி, எந்தத் தீர்மானமானாலும் ரகசிய ஓட்டு. போன வருஷம் பெண்களைக் காப்பாற்றியது அந்த விதிதான். நள்ளிரவில் ஷிப்டு முடிந்து போகிறவர்களுக்கு இனி வேன் கிடையாது என்று கம்பெனி சொல்ல, சங்கத் தலைவர் பகலவன் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு வந்தார். அதை ஏற்கலாமா என்று ஓட்டு வைத்தபோது, மூடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் தூக்குச் சட்டியில் சீட்டுகள் விழுந்தன. எண்ணிப் பார்த்தால் தலைவர் தோற்றிருந்தார். யார் காலை வாரியது என்று கம்பெனி மூலைமுடுக்கெல்லாம் துருவியது. ஒரு பெயர்கூடச் சிக்கவில்லை. சிக்காமல் போனவர்களில் தங்கமாரியும் ஒருத்தி.

இப்போது அந்த விதியையே திருத்தப் போகிறார்கள். இனி எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டும். அடுத்த மாதம் வேன் விவகாரம் மறுபடி ஓட்டுக்கு வருகிறது. அவளுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரிவதும் அதே மாதம்தான். வேன் வேண்டும் என்று எல்லார் எதிரிலும் கை தூக்கினால் வேலை போகும். தூக்காவிட்டால் விளக்கில்லாத காலி மனைகளைத் தாண்டி நள்ளிரவில் அறைக்கு நடக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து அவளுக்குத் தலை வலித்தது.

மெர்சிதான் தைரியம் சொன்னாள். தங்கமாரி வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரரின் மகள், கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைனில் வேலை. "பார்லிமென்ட்டே அரசியல் சட்டத்த திருத்துனாலும் அடிப்படைல கை வெக்க கோர்ட்டு வுடாதுடி. இவுரு இன்னா அதுக்கும் மேலயா? நா எழுந்து கேக்குறேன், நீ கம்முனு இரு."

அந்த மெர்சி இப்போது பக்கத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். காரணம் வாசலுக்கு எதிரே இருந்தது. சூப்பர்வைசர் ஜெபகுமார் டீக்கடையில் கிளாசும் கையுமாக மண்டபத்தையே பார்த்தபடி நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறு எங்கும் டீ கிடைக்கவில்லையாம்!

பகலவன் மைக்கைப் பிடித்தார். "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல இன்னா ரகசியம்? மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கினா எந்த விதியையும் மாத்தலாம்னு எழுதிக்கீது. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க. வீடியோ எடுத்துக்கலாம், நாளைக்கு யாரும் இல்லன்னு சொல்லக் கூடாது பாரு."

முன்வரிசையில் கைகள் மளமளவென்று எழுந்தன. தங்கமாரி மெர்சியை இடித்தாள்.

"எங்க அண்ணன் நம்ம கம்பெனில வேலைக்கி சேந்து ஒரு வாரந்தான் ஆவுதுடி," என்றாள் மெர்சி, தலை நிமிராமல்.

தங்கமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தாள். பயம் கூடவே எழுந்து நின்றது.

"அண்ணாச்சி, விதிய மாத்தாண்டாம்னு சொல்லல. ஆனா மாத்துத வரைக்கும் பழைய விதிதான இருக்கு? அப்போ இதுக்கும் ரகசிய ஓட்டுதான வைக்கணும்?"

பகலவன் சிரித்தார். "அதுக்கு இன்னாம்மா, கேட்டுடலாம். ரகசிய ஓட்டு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

போன் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. ஒரு கையும் எழவில்லை. வேனை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களெல்லாம் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தங்கமாரி மட்டும் கையைத் தூக்கினாள். கேமரா அவளிடம் வந்து நின்றது.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "தலைவரே, சீட்டு போடுற தூக்க எடுத்து வை."

யாருடையது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து இன்னொன்று, "எடுத்து வைப்பா!" பிறகு பல குரல்கள், ஒன்றுக்கும் முகமில்லை. பகலவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தூக்கு மேஜைக்கு வந்தது.

எண்ணி முடித்தபோது, திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு எங்கே, பாதிகூடத் தேறவில்லை. பழைய விதி அப்படியே நின்றது.

ஜெயித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவளை ஒட்டாமல் ஒதுங்கி நடந்தார்கள். மெர்சி எப்போது போனாள் என்றே தெரியவில்லை. இவர்களை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதானே அவள் எழுந்து நின்றாள்? அப்படியே ஆயிற்று. தன் செருப்பைத் தேடி அவள் தனியாக மாட்டிக்கொண்டாள்.

டீக்கடையைக் கடக்கும்போது ஜெபகுமார் கூப்பிட்டார். அவள் கை தூக்கி நிற்கும் வீடியோ அதற்குள் அவர் போனுக்கு வந்து ஓடிக்கொண்டிருந்தது.

"உன் பேரு இன்னாம்மா?"

"தங்கமாரி, சார்."

"எந்த லைனு?"

"மூணாவது."

"நீ எந்தப் பக்கம் ஓட்டு போட்டே?"

துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத சொல்ல மாட்டேன், சார்," என்றாள் தங்கமாரி. "அது ரகசியம்."