யாருடைய மேற்கு

எங்கள் ஊரில் இரண்டு மேற்குகள் இருந்தன. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, சூரியன் இறங்குகிற மேற்கைச் சேர்க்காமல் இரண்டு.

கனெக்டிகட்டில் ஆற்றோரமாகப் பித்தளை ஆலைகள் நின்ற பகுதி எங்களுடையது. இரண்டு சரக்கு ரயில் கம்பெனிகள் எங்கள் ஊரில்தான் சந்தித்துக்கொள்ளும். ஒன்று ஆத்து லைன், மற்றது மலை லைன். அவர்கள் கொண்டுவந்த வேகனை இவர்களும், இவர்கள் கொண்டுவந்ததை அவர்களும் எடுத்துக்கொண்டு போவதற்காக, ஆலையின் முதுகைச் சுற்றி ஒரு தடம் வளைந்து கிடக்கும். கை மாறும் தடம் என்போம். ஒரு முனை கடல் பக்கம், மறு முனை மலைப் பக்கம். நடுவில் ஆலை மறைப்பதால் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. கடல் பக்க முனையில், தடத்தை ஒட்டினாற்போல் என் சாப்பாட்டுக்கடை. இரண்டு லைன்காரர்களும் என்னிடம்தான் சாப்பிடுவார்கள். முட்டைக்கோஸ் சூப்பில் கம்பெனி வித்தியாசம் கிடையாது.

இப்போது மேற்குக்கு வருகிறேன். ஆத்து லைன் கடலைத் தொட்டுவிட்டு நியூயார்க் பக்கம் திரும்பிவிடும். நியூயார்க் அவர்களுக்கு மேற்கு. அதனால் கடல் பக்கம் போகிற எல்லாமே அவர்கள் அட்டவணையில் மேற்குதான். மலை லைனுக்குத் தலைமை ஆபீஸ் மலைக்கு அந்தப்பக்கம். ஆபீஸைப் பார்த்துப் போனால் மேற்கு, ஆபீஸை விட்டு விலகினால் கிழக்கு. ஆக, மலைப் பக்கம் அவர்களுக்கு மேற்கு. ஒரே தடம், ஒரே முனை. ஒருத்தர் கிழக்கு என்பார், ஒருத்தர் மேற்கு என்பார். குழப்பமாக இருக்கிறதா? இருக்கட்டும். அங்கேயே முப்பது வருஷம் பரிமாறிய எனக்கே அவ்வப்போது தலை சுற்றும்.

ஓனா என்று ஒருத்தி. லித்துவேனியாக்காரி. மேட்டில் அவளுக்குக் கண்ணாடி வீடு உண்டு. உள்ளே வரிசை வரிசையாக லில்லித் தொட்டிகள். ஈஸ்டருக்கு ஊர் சர்ச்சுகளெல்லாம் அவளிடம்தான் லில்லி வாங்கும். இலையுதிர் காலத்தில் புருஷன் யோனாஸ் செத்துப்போய்விட்டான். அடுத்த ஈஸ்டருக்கான லில்லிக் கிழங்குகளை அவன் முன்னமே வரவழைத்து வைத்திருந்தான். தங்கச்சி பிராக்டனிலிருந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்துவிடு என்று போனில் அழைத்துக்கொண்டே இருந்தாள். ஓனா என்னிடம் சொன்னது இதுதான்:

"இந்த ஈஸ்டருக்குப் பூ விரிஞ்சா நான் இங்கயே இருந்துடுவேன் ஸ்டாசியா. விரியலைன்னா அவர் இல்லாம எனக்கு இது ஆகாதுன்னு அர்த்தம். தங்கச்சிகிட்டப் போயிடுவேன்."

மார்ச்சில் பனிப்புயல் வரப்போகிறது என்று ரேடியோ சொன்ன அன்று, அவளுடைய நிலக்கரி வேகன் மலை லைனில் வந்து சேர்ந்தது. பென்சில்வேனியாக் கெட்டிக் கரி. புகை வராது, கையில் ஒட்டாது, அவள் அடுப்புக்கு அதுதான் ஒத்துவரும். ஆலைக்கும் அதே ரயிலில் ஒரு வேகன் புகைக்கரி வந்தது. வழக்கமாக ஓனாவின் வேகனை மலை முனையிலும் ஆலையின் வேகனைக் கடல் முனையிலும் விடுவார்கள். அன்று மலை லைன் கார்டு பிராசருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. பனி கொட்டினால் மலை முனைதான் முதலில் புதையும், பாவம் புருஷனில்லாதவள் என்று அவளுடைய வேகனைக் கடல் முனையில், என் கடை ஜன்னலுக்கு நேரே விட்டுவிட்டான். ஆலையின் வேகனை அந்தப்பக்கம் தள்ளிவிட்டான்.

நான் அப்போது பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எந்த வேகன் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. அவன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"ஸ்டாசியா, ரோக்கோ வந்தா சொல்லிடு. ஓனா வண்டி மேற்கு முனையில நிக்குது."

"சரி. கதவைச் சாத்து, குளிர் வருது."

ரோக்கோ ஆத்து லைன் கார்டு. கண்ணாடி வீட்டுக்கு வேகன் கொண்டுபோவது அவன் வேலை. புயல் வந்து ஓய்ந்த காலையில் மீசையெல்லாம் பனியாக வந்து உட்கார்ந்தான். சொன்னபடி சொன்னேன்.

"மேற்கு முனையா? பிராசர் பெருசு சொன்னா சரி," என்று காப்பியைக் குடித்துவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலை முனைக்குப் போய்விட்டான். அங்கே தடம் மாற்றும் கைப்பிடி இடுப்பளவு பனிக்குள் கிடந்தது. தோண்டி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. தலையில் பனி மூடிய கரி வேகன் ஒன்று அங்கே நின்றது. இழுத்துப் போய் ஓனாவின் வாசலில் விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஓனா என் கடைக்குள் நுழைந்தாள். இரண்டு கையும் கரிக்கறுப்பு. பின்னாலேயே ரோக்கோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"புகைக்கரி!" என்றாள் ஓனா. "இதைப் போட்டா அடுப்பு அடைச்சுக்கும், கந்தகப் புகைல ஒரு இலை மிஞ்சாது. எங்கிட்ட ராத்திரிக்கு ஒரு கூடை கரிகூட இல்ல. பழைய பலகையை உடைச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"நான் என்னக்கா பண்ணட்டும்? மேற்குன்னாரு, மேற்குல இருந்ததைக் கொண்டாந்தேன்."

பிராசர் அன்று அடுத்த ஊரில் ரயிலோடு மாட்டிக்கொண்டிருந்தான். என் கடை போனில் அவனைப் பிடித்தோம். லைனில் ஒரே இரைச்சல். ரோக்கோவுக்குக் காது மந்தம், எஞ்சின் கொடுத்த பரிசு. அதனால் நான் நடுவில் நின்று வாங்கிச் சொன்னேன்.

"மேற்குன்னுதானே சொன்னேன்?" என்றான் பிராசர்.

"மேற்குன்னுதானே சொன்னேன்ங்கறான்," என்றேன்.

"மேற்குலதானே எடுத்தேன்!" என்று ரோக்கோ கத்தினான்.

"எந்த மேற்குங்கறான்," என்றேன்.

"உங்க மேற்கு பெருசு! சொன்னது நீங்க, அப்ப உங்க மேற்குதானே?"

போனில் "அடப்பாவி," என்று மெதுவாக வந்தது. "எடுக்கறவன் நீயாச்சேன்னு உன் மேற்கைச் சொன்னேன்டா."

"என்ன சொல்றாரு?"

"உன் மேற்காம்," என்றேன்.

"என் மேற்குன்னா? நான்னா யாரு, அவரா நானா?"

"நீதான்."

"நீதான்னு அவரு சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணுகளா. மரியாதைக்காக ஒருத்தர் மற்றவர் பாஷையில் பேச, மரியாதைக்காக மற்றவர் அதை இவர் பாஷையில் கேட்க, கூடை கரிக்கு வழியில்லாமல் நடுவில் ஒருத்தி நிற்கிறாள். இதில் யாரைத் திட்டுவது?

"பிராசர்," என்று கத்தினேன். "மேற்கை விட்டுத்தொலை. சர்ச் பக்கமா, இல்லையா?"

"சர்ச் பக்கந்தான்."

"எந்த சர்ச்?" என்றான் ரோக்கோ. நியாயமான கேள்விதான். மலை முனையில் போலிஷ் சர்ச், கடல் முனையில் ஐரிஷ் சர்ச்.

அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"என் மேற்குன்னா இந்தப்பக்கம்," என்று ரோக்கோ ஜன்னலைக் காட்டினான். வெளியே பனிக்குல்லா போட்டு ஒரு வேகன் நின்றது. "ஆனா அது ஆலை வண்டிக்கா. எப்பவும் அங்கதான் நிக்கும். அப்ப நான் கொண்டுபோனது யார் வண்டி? அதுவும் ஆலை வண்டின்னா ஆலைக்கு ரெண்டா வந்துது? ஓனா வண்டி வரவே இல்லையா?" சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் வேகன் போஸ்டனுக்கே போயிருக்கும் என்றார். இன்னொருவர் ஆலைக்காரர்களைக் கேட்கலாம் என்றார். ஆலையோ புயலுக்காகப் பூட்டிக் கிடந்தது. பேசிக்கொண்டே இருந்ததில் ஓனா வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை.

நான் ஜன்னலைப் பார்த்தபோது அவள் வேகன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள், ஒரு கையில் என் அடுப்புக் கரண்டி. மேலே போய்ப் பனியை வாரிக் கீழே தள்ளினாள், அதிலேயே கைக்கறுப்பையும் தேய்த்துக் கழுவினாள். ஒரு கட்டியை எடுத்து, தன் வெள்ளை ஏப்ரனில் அழுத்தித் தேய்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே தூக்கி எங்களுக்குக் காட்டினாள். அதில் ஒரு கறைகூட இல்லை.

"இறங்குக்கா, வழுக்கும்!" என்று ரோக்கோ ஓடினான்.

"எடுத்துட்டுப் போற வரைக்கும் இறங்கமாட்டேன். மறுபடி பேச ஆரம்பிச்சுடுவீங்க."

கடல் முனையின் கைப்பிடி பனிக்கடியில் பாறையாக இறுகிக் கிடந்தது. என் கடையில் இருந்த மண்வெட்டி, சட்டி, வெந்நீர் எல்லாம் போனது. சூப் குடித்தவர்களும் போனார்கள். எஞ்சின் அந்த வேகனை மேட்டுக்கு இழுத்தபோது விளக்கு ஏற்றும் நேரம். ஓனா இறங்கி வந்து எஞ்சின் படியில் நின்றபடியே போனாள்.

அடுப்பு அணையவில்லை. ஆனால் பலகைச் சூடு போதாமல் கண்ணாடி வீட்டுக்குள் உறைகிற மாதிரி ஆகியிருந்தது. லில்லிகள் சாகவில்லை, அப்படியே நின்றுவிட்டன. மொட்டுகள் விரல் போலப் பச்சையாக, இறுகி. ஓனா இரவு பகலாகக் கரி போட்டாள். மொட்டுகள் மசியவில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. சர்ச்சுகள் வேறு ஊரில் பூ வாங்கிக்கொண்டன. பிராசர் என் கடையில் வந்து உட்கார்ந்து ஆப்பிள் பலகாரத்தைத் தொடாமல் வைத்திருந்தான். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்," என்று தட்டிடம் சொன்னான். ஓனா பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மொட்டுகள் வெளுத்தன. வெள்ளிக்கிழமை கண்ணாடி வீடு முழுக்கப் பூ. நான் போய்ப் பார்த்தபோது ஓனா நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு.

"பூத்துடுச்சு ஸ்டாசியா. யாருக்குப் பூத்துது?"

அன்று சாயங்காலம், ஆலைத் தெருவில் வெங்காயக் கோபுரம் வைத்த ரஷ்ய சர்ச்சிலிருந்து ஃபாதர் இலாரியோன் தாடியைத் தடவிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். பழைய காலண்டர்படி பிந்தி வருகிற தங்கள் ஈஸ்டருக்கு வருஷா வருஷம் பூ மிஞ்சுவதில்லை, காகிதப் பூதான் வைக்கிறோம் என்றார்.

"உங்க ஈஸ்டர் எப்போ ஃபாதர்?" என்றாள் ஓனா.

"நாளை மறுநாள்."

அவர் மாடத்தில் வைக்க நாலு தொட்டி கேட்டார். ஓனா எல்லாவற்றையும் கொடுத்தாள். ரோக்கோவும் பிராசரும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். எந்தக் கதவு வழியாக இறக்குவது என்று அங்கேயும் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை ஓனா என்னையும் இழுத்துக்கொண்டு அந்த சர்ச்சுக்குப் போனாள். பெஞ்சே கிடையாது, எல்லோரும் நின்றார்கள். பாட்டு ஒரு சொல் புரியவில்லை. எப்போது குனிய வேண்டும், எப்போது சிலுவை போட வேண்டும், வலமிருந்து இடமா இடமிருந்து வலமா, ஒன்றும் பிடிபடவில்லை. ஓனா முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு நொடி தாமதமாகச் செய்தாள். சுற்றிலும் அவளுடைய லில்லிகள்.

என் காதருகே வந்து, "அந்தப் பெட்டிங்களை மறுபடி பரண்ல ஏத்தணும், ஒரு கை பிடிக்கிறியா?" என்றாள்.

தலையாட்டினேன். முன்னால் நின்ற அம்மா குனிந்தாள். நாங்களும் அவசரமாகக் குனிந்தோம்.