ஹஸ்பண்ட் வந்த வழி

தாமோதரன் கோபம் வந்தால் அகராதியை எடுப்பான். மற்ற ஆண்கள் எடுக்கும் பொருள்களைவிட அதில் சேதாரம் குறைவு என்பதால் வீட்டில் யாரும் தடுப்பதில்லை.

வேலை திருப்பதியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருவது. குடியிருப்பது புத்தூர் பக்கத்தில், மனைவி யாமினியின் வீட்டில். அவள் ஒரே பெண். அப்பா பாலையாவுக்கு மாந்தோப்பு. கல்யாணமானதிலிருந்து பஸ் ஸ்டாப்பில் தாமோதரனுக்குப் பெயர் 'இல்லரிகம் அல்லுடு'. வீட்டோடு மாப்பிள்ளைதான், தெலுங்கில் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகக் குத்தும்.

அன்று திருப்பதியில் வாடகை வீடு ஒன்று பார்த்துவிட்டு வந்திருந்தான். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் வரல," என்றாள் யாமினி. "நைனாவ தனியா உட்டுட்டு அங்க போயி இன்னா பண்றது?"

"ஹஸ்பண்ட்னா இன்னான்னு தெரியுமா? அந்த வார்த்தைலயே ஹவுஸ் இருக்குது. வீட்டுக்கு எஜமான்! சொந்தமா குடித்தனம் இல்லன்னா நான் ஹஸ்பண்டே இல்ல."

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பாலையா, "மாப்ள பாயிண்டு பேசறாரு," என்றார்.

"எங்க போட்டுகீது? படி, பாக்கலாம்," என்றாள் யாமினி.

அகராதியைக் கம்பீரமாகப் பிரித்தான். முதல் பாதி வீடு, சரிதான். இரண்டாம் பாதிக்கு வந்ததும் குரல் இறங்கியது. மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பெண்டாட்டியிடம் ஆயிரம் பொய் சொல்லும் தாமோதரனுக்கு, ஒரு வார்த்தையின் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வராது.

"வீட்ல... குடியிருக்கிறவன். இருந்துக்கினு நெலத்த உழுறவன். எஜமான்றதே அதுலேர்ந்து வந்ததுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

யாமினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பஸ் ஸ்டாப்புல சொல்றானுங்களே, அதுக்குத்தானே இவ்ளோ?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதா? ஒண்ட வந்தவன்னு இந்த வீட்ல யாராவது ஒன்னப் பாத்தோமா?"

யோசித்தான். திட்டியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். அப்படி மட்டும் பார்த்ததில்லை. போனை எடுத்து, வீடு வேண்டாம் என்றான். ஏன் என்று திருப்பதி வீட்டுக்காரர் தெலுங்கில் கேட்டார். "எங்களுக்கு வீடு இருக்குதுங்க," என்று தெலுங்கிலேயே சொன்னான்.

"உழுறவன்னு வேற போட்டுகீது," என்றாள் யாமினி. "கரண்ட் வந்துடுச்சு. போயி தோப்புக்குத் தண்ணி கட்டு."

பாண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தாமோதரன் மண்வெட்டியோடு இறங்கினான்.

பாலையா ஒரு கடலையை வாயில் போட்டார். "அந்த புக்கு எழுதனவன் நல்லா இருக்கணும்மா."